பதினெட்டுக்குப் பிறகு ஒரு பாத்தி

சிறப்புப் பள்ளியின் வேன் ஒருநாள் வருவதை நிறுத்திவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழி செய்கிறது. அந்த வயதைத் தாண்டிய பிள்ளை காலையில் எதற்காக எழுந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இருப்பதில்லை. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கையில் செல்போன், மாதத்துக்கு மாதம் ஏறும் எடை, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம். 19, 20 வயதில் இவை தலைகாட்டும்போது குறைபாடு முற்றிவிட்டது என்று பெற்றோர் பயந்துபோகிறார்கள். மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்றும் அந்தப் பிள்ளைக்குக் குறைகிறது. செய்ய வேலை இல்லை. அதுவும், தான் செய்யாவிட்டால் நின்றுபோகும் என்று சொல்லத்தக்க ஒரு வேலை இல்லை.

அப்படி ஒரு வேலையைத் தோட்டத்தில் எப்படி உருவாக்குவது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள 18 முதல் 30 வயதுக்காரர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மொட்டை மாடியில் பத்துப் பைகள் வைக்க இடமிருக்கும் பெற்றோருக்கும், பகல்நேர மையம் நடத்துபவர்களுக்கும் இது பயன்படும்.

தோட்டக்கலை சிகிச்சை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812-இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், மருத்துவமனையில் விறகு வெட்டியும் தோட்டம் கொத்தியும் உழைத்த ஏழை நோயாளிகள் பலர் தேறிவிடுகிறார்கள், அந்தஸ்து காரணமாக அந்த வேலைகளிலிருந்து விலக்கப்பட்டவர்களோ உள்ளேயே வாடுகிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். உலகப் போர்களில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களின் மருத்துவமனைகளில் இது பரவியது. 1940-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் அருகே கார்ல் கோனிக் தொடங்கிய கேம்ப்ஹில் இயக்கம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்து நிலத்தில் உழைக்கும் குடியிருப்புகளை உருவாக்கியது. பிரிட்டனில் கிறிஸ் அண்டர்ஹில் 1970-களின் இறுதியில் தொடங்கிய அமைப்பு, இன்று த்ரைவ் என்ற பெயரில் லண்டன் பேட்டர்சி பூங்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தோட்டங்களை நடத்துகிறது. நம் பக்கத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் 2013-இல் உருவான சிருஷ்டி கிராமத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விவசாயம் செய்தபடி வாழ்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டிசத்தைத் தோட்டம் குணமாக்காது. மூளை முடக்குவாதத்தில் இறுகிய தசையைச் செடி இளக வைக்காது. அதற்கு இயன்முறை மருத்துவர் வேண்டும். ராஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு எல்லோரும் எடுத்துக்காட்டுவது. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், மரம் தெரியும் ஜன்னலோரம் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்கிறது அது. அருமையான ஆய்வுதான். ஆனால் அது பார்ப்பதைப் பற்றியது; நாம் பேசுவது செய்வதைப் பற்றி. ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால் தூக்கம் சீராவது, கை பழகுவது, ஒரு வேலையில் நிலைத்து நிற்கும் நேரம் கூடுவது, அக்கம்பக்கத்தாரோடு பேச ஒரு விஷயம் கிடைப்பது ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். எனக்கு அது போதுமான காரணமாகத் தெரிகிறது.

யாருடைய பாத்தி?

மையங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆசிரியர் விதை வாங்குகிறார். தோட்டக்காரர் மண் கலக்கிறார். ஆயா நாற்று நடுகிறார். இளைஞர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். விருந்தினர் வந்தால் போட்டோ எடுக்கிறார்கள். தண்ணீர் ஊற்றிய எவருக்கும் அது தன் செடி என்று தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. அந்தத் தோட்டத்தில் எல்லா முடிவுகளையும் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஒருவருக்கு ஒரு பாத்தி என்பதிலிருந்து தொடங்குங்கள். இடம் இல்லையென்றால் ஒருவருக்கு இரண்டு பை. அதில் என்ன விதைப்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சு வராதவர் என்றால் வெண்டைக்காயும் முள்ளங்கியும் நிஜமாகவே எடுத்து இரண்டு கைகளில் நீட்டுங்கள். படம் காட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. அவர் எதைப் பிடித்து இழுக்கிறாரோ அதுதான் விதை. விதைப்பதில் தொடங்கி அறுத்து, கட்டி, கொடுத்து, காசு வாங்குவது வரை அத்தனை படியிலும் அவர் கை இருக்க வேண்டும். சில படிகளில் அந்தக் கை வெறுமனே உங்கள் கைமேல் இருக்கலாம். பரவாயில்லை, இருக்கட்டும்.

இதனால் மகசூல் குறையும். வரிசை கோணலாகப் போகும். தாளாளர் கேள்வி கேட்பார். மகசூல்தான் வேண்டுமென்றால் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் மரியாதையாகவே சொல்லிவிடுங்கள்.

பாத்தியின் முன் ஒரு பலகை நடுங்கள். பெயரை வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் புகைப்படம் ஒட்டலாம். மழையில் நனையாமல் லேமினேட் செய்துகொள்ளுங்கள். அவருடைய களைக்கொத்தின் பிடியிலும் பூவாளியிலும் ஒரே நிற நாடாவைச் சுற்றுங்கள். வேலை முடிந்ததும் அதே நிறம் பூசிய ஆணியில் மாட்டும் பழக்கம் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். கருவியைத் தேடி அலையும் குழப்பமும், அதனால் வரும் சண்டையும் பாதியாகக் குறையும்.

ஒரு நாற்றை நடுவதில் எத்தனை வேலை

கத்தரி நாற்று நடுவது நமக்கு ஒரே வேலை. அதைக் கற்றுக்கொள்பவருக்குப் பல வேலைகள். குழித்தட்டின் அடியில் கட்டை விரலால் அழுத்த வேண்டும். இளகிய மண்கட்டியைத் தண்டில் பிடிக்காமல் இலையைத் தாங்கி வெளியே எடுக்க வேண்டும். இடது கையில் அதை வைத்தபடி வலது கையால் குழி பறிக்க வேண்டும். கட்டி உடையாமல் இறக்க வேண்டும். எந்த ஆழம் என்று பார்க்க வேண்டும். சுற்றி மண் தள்ள வேண்டும். அழுத்த வேண்டும், அதிகம் அழுத்தக் கூடாது. தண்ணீர் விட வேண்டும். வேர் தெரியுமளவுக்கு விடக் கூடாது. ஒவ்வொன்றையும் நீங்களே மெதுவாகச் செய்துபார்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு எங்கே தடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணுக்கு இடது கை விரல்கள் மடங்கியே இருந்தன. நாற்றைப் பிடித்தால் நசுங்கிவிடும். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் விரலைத் திருத்தப் போராடவில்லை. சின்னத் தயிர் டப்பாவின் அடியை அறுத்து, அந்த வளையத்தைக் குழியின்மேல் வைத்தார். பெண் செய்ய வேண்டியது நாற்றுத் தட்டிலிருந்து கரண்டியால் அள்ளி, வளையத்துக்குள் சரிப்பது மட்டும். நாற்று நிமிர்ந்து நிற்கும். பிறகு மடங்கிய அதே முஷ்டியால் சுற்றிலும் மண்ணை அழுத்தினார். அழுத்துவதற்கு முஷ்டியைவிடச் சிறந்த கருவி கிடையாது. கடைசியில் வளையத்தை உருவிக்கொண்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார். உடம்புக்கு ஏற்ப வேலையை வளைக்க இப்படி ஏதாவது ஒரு வழி கிடைக்கும். அவர் செய்வதை உட்கார்ந்து கவனித்தால் கண்ணில் படும்.

எதை முதலில் சொல்லிக்கொடுப்பது? சிறப்பாசிரியர்கள் அறிந்த ஒரு முறை தோட்டத்துக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது: கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது. முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, தண்ணீர் விடுவதை மட்டும் அவரிடம் விடுங்கள். நட்டு முடித்த நிறைவு அவருக்குக் கிடைக்கிறது. அடுத்து, மண்ணை அழுத்துவதும் தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு. அதற்கடுத்து மண் தள்ளுவதும் சேரும். இப்படி முன்னே முன்னே போனால், அவர் எந்த நாளிலும் பாதியில் நிறுத்தியவராக இருப்பதில்லை. ஒவ்வொரு நாளும் முடித்தவராக இருக்கிறார். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் மூன்றாவது படியிலேயே சலித்து எழுந்துபோகிறவர்களும் இந்த முறையில் நிற்கிறார்கள். முன்பு சொன்ன வரிசைத் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஆரம்பம் மட்டுமே. ஒரு மாதம் கழித்தும் ஒருவர் தண்ணீர்தான் விட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் பயிற்சி நின்றுவிட்டது என்று பொருள்.

உதவியைக் குறைப்பதும் ஒரு கலை. கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, பிறகு முழங்கையைத் தொடுவது, பிறகு விரலால் காட்டுவது, பிறகு வெறுமனே பார்ப்பது. வாயால் சொல்வதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். “எடு, போடு, அழுத்து, போதும் போதும்” என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் குரல் இல்லாத நாளில் கை நின்றுவிடுகிறது. ஒரு செய்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். கடினமாக இருக்கும். அந்தப் பத்து நொடிக்குள்தான் பெரும்பாலும் அவர் யோசித்து முடிக்கிறார்.

மேடையும் பாதையும்

சக்கர நாற்காலி போக 120 செ.மீ. பாதை வேண்டும், திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம். சரிவுப் பாதை 1 அடி ஏற 12 அடி நீளம் இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி கை எட்டுவது சுமார் 60 செ.மீ.தான்; இரண்டு பக்கமும் அணுக முடிந்தால் பாத்தியை 120 செ.மீ. அகலம் வைக்கலாம்.

மேடைப் பாத்தி கட்டும்போது பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. முழங்கால் உள்ளே போக அடியில் 70 செ.மீ. உயரம் விட்டுவிட்டு, அதன்மேல் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் போட்டால், மேல்மட்டம் நாற்காலியில் இருப்பவரின் நெஞ்சுக்கு மேல் வந்துவிடும். தோளைத் தூக்கித் தூக்கி வேலை செய்து அரை மணியில் வலி எடுத்துவிடும். அடியில் முழங்கால் போகும் மேடைக்கு 15 செ.மீ. ஆழமுள்ள தட்டே சரி. கீரைக்கும் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் அந்த ஆழம் போதும். கத்தரி, தக்காளி போன்றவற்றைத் தரையில் வைத்த பைகளில் வளர்த்து, நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி எட்டச் செய்யுங்கள்.

மண் கலவைக்குச் செம்மண், நன்கு மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு சம பங்கு. நார்க்கழிவை இரண்டு முறை ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகே சேருங்கள். அதிலிருக்கும் உப்பு நாற்றைக் கருக்கிவிடும். மாடி என்றால் பாரத்தைப் பற்றிக் கட்டடம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் கைப்பிடிச் சுவர். திடீரென்று ஓடும் பழக்கமோ, ஏறும் பழக்கமோ உள்ளவர் இருந்தால் நெஞ்சளவு சுவரோ கம்பி வலையோ இல்லாத மாடியில் தோட்டம் வேண்டாம்.

பூவாளி பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் 10 லிட்டர் பூவாளி நிரம்பினால் பத்துக் கிலோவுக்கு மேல். சமநிலை தடுமாறுபவர் கையில் அது ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டால் பூவாளி தயார். பையின் அளவுக்கேற்ப “இந்தப் பைக்கு ஒரு பாட்டில்” என்று சொல்லிவிடலாம். எவ்வளவு ஊற்றுவது என்ற சிக்கலும் அதோடு தீர்ந்தது.

மருந்தும் வெயிலும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் வாசியுங்கள். தோட்டத்தில் இறங்கும் முன் ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் கையில் வாங்குங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் டோபிரமேட், நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை வியர்வையைக் குறைக்கக் கூடியவை. வியர்க்காத உடம்பு சூடாகிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு அவர் சோர்வில்லாமல் இருப்பதாகத் தோன்றும். குளோர்ப்ரோமசின் போன்ற மனநல மருந்துகள் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைப்பதோடு தோலையும் வெயிலுக்குச் சிவக்க வைக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். நேரத்தை மாற்றுங்கள். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு. நிழல்வலை, தொப்பி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். தாகம் என்று சொல்லத் தெரியாதவருக்குத் தாகம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வலிப்பு உள்ளவர் கிணறு, தொட்டி, குளம் ஆகியவற்றின் அருகே தனியாக இருக்கக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கருவிகளை அகற்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் கரண்டியை வைப்பதும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். நம் ஊரில் எருக்கூடையைச் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிவிடுவது வழக்கம். இவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். தள்ளுவண்டி கொடுங்கள். பலருக்குப் பிறவி இதயக் கோளாறும் இருக்கும் என்பதால் மண்வெட்டி வேலைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களில் நிறையப் பேருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை உண்டு. சாதாரண ரப்பர் கையுறைக்குப் பதிலாகத் துணி அல்லது நைட்ரைல் கையுறை வையுங்கள். அவர்களுக்குக் காலில் உணர்வு குறைவாக இருக்கலாம். வெயிலில் காய்ந்த இரும்பு அவர்களைச் சுட்டாலும் தெரியாது. எல்லோருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதையும் வாயில் போடும் பழக்கம் உள்ளவர்கள் குழுவில் இருந்தால் வேலியோரத்தை முதலில் சோதியுங்கள். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி: ஐந்துமே விஷம், ஐந்துமே நம் ஊர் வேலிகளில் சர்வ சாதாரணம். குன்றிமணியின் சிவப்பு யாருடைய கையையும் இழுக்கும். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பார்த்தீனியம் தோலையும் மூச்சையும் பாதிக்கும். கடை விதைப் பொட்டலத்தில் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி தடவியது என்று அர்த்தம். அதைத் தவிர்த்து, சாயமில்லாத நாட்டு விதையாக வாங்குங்கள். பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தாலும் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இயற்கையான பொருள்தானே என்று விட்டுவிடாதீர்கள். விழுங்கினால் அதுவே வலிப்பை உண்டாக்கும்.

முதலில் எதை விதைப்பது

முதல் பயிர் சீக்கிரம் வர வேண்டும். மூன்று மாதம் காத்திருந்தால் விதைத்தது யார் என்பதே மறந்துவிடும். முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வரும். வெந்தயம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். கீரை விதை தூசி மாதிரி இருப்பதால் நடுங்கும் கைகளுக்கு ஆகாது. விதையை அதைப்போல் பல மடங்கு மணலோடு கலந்துவிட்டால் பெரிய உள்ளங்கையும் தூவலாம். நம் பாட்டிமார் செய்ததுதான். விரல் பிடிப்பு குறைந்தவர்களுக்கு அவரை, பூசணி, சுரை போன்ற பெரிய விதைகள் தனியாகக் கொடுங்கள். இவற்றை ஆடிப் பட்டத்தில் ஊன்றினால் மழைக்கு முன் கொடி பந்தலேறிவிடும்.

எனக்குப் பிடித்தது வெண்டை. சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றிவிடும். நுனியை ஒடித்துப் பார்த்தால் பிஞ்சா முற்றலா என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். எண்ணத் தெரியாதவரும் நாள்காட்டி பார்க்கத் தெரியாதவரும் தரம் பிரிக்கலாம். காலையில் எழ ஒரு காரணம் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, வெண்டை அதைக் கண்டிப்போடு தருகிறது. இலையிலும் காயிலும் உள்ள சுணை சிலருக்கு அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

பார்வைக் குறைபாடும் சேர்ந்து இருப்பவர்களுக்குக் கற்பூரவல்லி, புதினா, மருவு, மரிக்கொழுந்து, துளசி. ஒரு செடியை அடையாளமாக வைத்து, பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாசனை இருக்கும்படி நட்டால், வழியைக் கேட்காமல் நடக்கிறார்கள்.

மண்ணைத் தொட மறுப்பவர்

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஈர மண் விரலில் ஒட்டுவது தாங்க முடியாத தொந்தரவு. கையைப் பிடித்து மண்ணுக்குள் வைத்துப் பழக்கலாம் என்று நினைப்பவர்கள் அன்றோடு அவரைத் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுகிறார்கள். உலர்ந்த மணலில் தொடங்குங்கள். பிறகு உலர்ந்த நார்க்கழிவு, பிறகு லேசாக ஈரமானது. கையுறை வேண்டுமென்றால் கொடுங்கள், நீளமான கரண்டி வேண்டுமென்றால் கொடுங்கள். பக்கத்திலேயே கை கழுவ ஒரு வாளி இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் கழுவலாம் என்று தெரிந்தால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிறார்கள். கடைசிவரை மண்ணைத் தொடாமலே நல்ல தோட்டக்காரராக இருக்கலாம். விதை பிரிப்பது, பெயர்ப்பலகை எழுதுவது, கீரையை எடை போடுவது, பந்தல் கட்டுவது எல்லாமே தோட்ட வேலைதான்.

மோட்டார் சத்தம் இன்னொரு தடை. அவர் வருவதற்கு முன்பே தொட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள். அன்றைய வேலையைப் படங்களாக ஒரு பலகையில் வரிசையாக மாட்டி, முடிந்ததைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். மழை வந்தால் என்ன வேலை என்பதற்கும் ஒரு படம் வேண்டும். அது இல்லாததால்தான் மழைநாளில் பெரும்பாலான ரகளைகள் நடக்கின்றன.

செடி செத்தால்

சாகும். மாவுப்பூச்சி வரும், எலி கடிக்கும், யாரோ இரண்டு நாள் தண்ணீர் விட மறந்திருப்பார்கள். அப்போது ராத்திரியோடு ராத்திரியாக நர்சரியிலிருந்து ஒரு செடி வாங்கி அதே பையில் வைத்துவிடும் அன்பான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாடியது வாடியதாகவே இருக்கட்டும். அவரோடு உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பாருங்கள், வேரைப் பிடுங்கிப் பாருங்கள், மண் காய்ந்திருக்கிறதா அழுகிய வாடை வருகிறதா என்று முகரச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும். இழப்பை வளர்ந்த ஒருவரிடமிருந்து மறைத்துவைக்க நமக்கு உரிமையில்லை. தாத்தாவோ அம்மாவோ இறக்கும்போதும் பல வீடுகளில் இப்படித்தான் அவரிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். பிடுங்கிய செடி உரக்குழிக்குப் போகும். உரம் ஆன பிறகு, அதே இடத்தைக் காட்டி அள்ளச் சொல்லுங்கள். அதே பையில் மறுபடி அதையே விதைப்பதா, வேறு எதையாவது விதைப்பதா என்பது அவர் முடிவு.

குறிப்பேடு

தோட்டத்தைப் பொழுதுபோக்கிலிருந்து சிகிச்சைக்குக் கொண்டுவருவது இந்த நோட்டுதான். ஒருவருக்கு ஒரு பக்கம், மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு இலக்கு. “சந்தோஷமாக இருப்பார்” என்று எழுதினால் அளக்க முடியாது. “தொடாமல், சொல்லாமல், மூன்று பைக்குத் தண்ணீர் விடுவார்” என்று எழுதினால் அளக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில், எத்தனை முறை கையைப் பிடித்தீர்கள், எத்தனை முறை காட்டினீர்கள் என்று கோடு போடுங்கள். இலக்கை அவரோடும் பெற்றோரோடும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பெற்றோர் பேச்சு கேட்க வேண்டும் என்பார்கள், அவர் மேளம் வாசிக்க வேண்டும் என்பார். இரண்டுக்கும் நடுவே தோட்டத்தில் எது முடியுமோ அதை எழுதுங்கள்.

காசு

கீரைக்கட்டை இலவசமாகக் கொடுக்காதீர்கள். “பாவம், நல்ல பிள்ளைகள் வளர்த்தது” என்று சந்தை விலையைவிட இரு மடங்கு தருபவரிடமும் வாங்காதீர்கள். தெருமுனையில் என்ன விலையோ அதே விலை. இளைஞரே கட்டை நீட்டி, அவரே நோட்டை வாங்க வேண்டும். சில்லறை எண்ணத் தெரியாதவருக்காக எல்லாக் கட்டுக்கும் ஒரே விலை வையுங்கள். பத்து ரூபாய் நாணயமோ இருபது ரூபாய் நோட்டோ ஒன்றாக இருந்தால் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வாரம் ஒருநாள், அதே கிழமை, அதே மணி. வாடிக்கை பிடிக்க அது போதும். வாங்க வருபவர் உங்களைப் பார்த்து “இவருக்கு விலை தெரியுமா?” என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாமல் அவரைக் கைகாட்டுங்கள்.

செலவு போக மிஞ்சியதை மாதக் கடைசியில் கையில் கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். மையத்தின் விளக்குத் திரிக்கும் பெயிண்டுக்கும் அது போகக் கூடாது. என்ன வாங்குவது என்பது அவர் விருப்பம். நல்லதைத்தான் வாங்க வேண்டும் என்று நாம் யாரும் நம் சம்பளத்தைச் செலவழிப்பதில்லை. சேமிப்புக் கணக்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கியில் சிக்கல் வந்த பிறகு அலைவதைவிட, தோட்டம் தொடங்கும் காலத்திலேயே இதை விசாரித்துவிடுங்கள். அதே சட்டத்தின் கீழ் வரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டப் பொருள்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் வட்டார அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

மே மாதம்

மையத்துக்கு விடுமுறை, வெயிலோ உச்சம். பல தோட்டங்கள் இந்த ஒரு மாதத்தில்தான் சாகின்றன. ஜூனில் திரும்பி வருகிறவர் காய்ந்த பையைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க மறுக்கிறார். ஏப்ரல் கடைசியிலேயே ஒருவருக்கு இரண்டு பை வீட்டுக்குப் போகட்டும்: கற்பூரவல்லி ஒன்று, புதினா ஒன்று. இரண்டுமே வீட்டு நிழலில் தாக்குப்பிடிக்கும். அவருடைய நிற நாடா சுற்றிய பாட்டிலும், படப் பலகையின் சின்னப் பிரதி ஒன்றும் கூடவே போக வேண்டும். மையத்தில் மீதியிருக்கும் பாத்திகளைத் தென்னை மட்டையாலும் சருகாலும் மூடாக்குப் போட்டு, காவலாளியிடம் வாரம் மூன்று முறை தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, அந்தக் கூலியைத் தோட்டக் கணக்கிலேயே எழுதுங்கள். பெற்றோரிடம் வாரம் ஒரு போட்டோ மட்டும் கேளுங்கள். செடியோடு பிள்ளையின் கையும் படத்தில் தெரிய வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் அந்தப் பைகளை அவரே தூக்கிக்கொண்டு வரும்படி ஏற்பாடு செய்துவிட்டால், ஆடிப் பட்டத்துக்கான விதைத் தேர்வை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.